அடுத்த நகர்வை மூடி வையுங்கள்

கண்டியை அடுத்த ஹந்தானையில் பின்னேர மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. பந்தடிக்க முடியாது, மலைப் பக்கம் போகவும் விடமாட்டார்கள். அப்படிப்பட்ட நாளுக்கு ஏற்ற வேலை ஒன்று சொல்கிறேன். ஒரு செஸ் பலகை, ஒரு கொப்பி, ஒரு பென்சில், கையளவு மட்டைத் துண்டு ஒன்று, இவ்வளவும் போதும். பலகை இல்லையென்றால் காட்போட் மட்டையில் எட்டுக்கு எட்டுக் கட்டம் கீறுங்கள். சோடா மூடிகளில் பெயர் எழுதினால் காய்கள் தயார்.

எதிரே ஆள் வேண்டாம். வேறு இருவர் ஆடி முடித்த ஆட்டத்தை முதல் நகர்விலிருந்து உங்கள் பலகையில் மறுபடி ஆடிப் பார்க்கப் போகிறோம்.

“முடிந்த ஆட்டத்தில் என்ன இருக்கிறது? யார் வென்றார் என்றுதான் தெரியுமே!” என்று கேட்பீர்கள். வென்றவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் வென்றார் என்பதைப் பலகையில் வைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

எந்த ஆட்டம்?

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலகச் செஸ் வாகையர் போட்டியின் 14ஆவது ஆட்டம், கடைசி ஆட்டமும் அதுதான். வெள்ளைக் காய்களுடன் அப்போதைய உலக வாகையர், சீனாவின் டிங் லிரென். கறுப்புக் காய்களுடன் சென்னையைச் சேர்ந்த 18 வயது தொ. குகேஷ். அதுவரை 13 ஆட்டங்கள் முடிந்திருந்தன. இருவரிடமும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி.

அன்று குகேஷ் வென்று ஏழரைக்கு ஆறரை என்று போட்டியை முடித்தார். மறுக்க ஆளில்லாத உலக வாகையர்களில் வயதில் மிக இளையவர் இப்போது அவர்தான். அவருக்கு முன் அந்தப் பெருமை 1985இல் 22 வயதில் வென்ற காஸ்பரோவிடம் இருந்தது.

அந்த ஆட்டத்தில் வெள்ளை 58 முறை நகர்த்தியது, கறுப்பும் 58 முறை. மொத்தம் 116 நகர்வுகள். எழுதினால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். மணிக்கணக்கான யோசனை ஒரு தாளுக்குள் அடங்கியது எப்படி?

64 கட்டங்களுக்கும் விலாசம் உண்டு

செஸ் பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலாசம் இருக்கிறது. வெள்ளை ஆடுபவரின் இடது கையிலிருந்து வலது கைக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று எட்டு நிரல்கள். அவர் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு 1 முதல் 8 வரை எட்டு வரிசைகள். ‘குதிரை எஃப்3’ என்றால் எந்த நாட்டில் இருப்பவரும் ஒரே கட்டத்தில்தான் குதிரையை வைப்பார். டிங் அன்று தொடங்கியதும் அந்த நகர்வோடுதான்.

பெரிய போட்டிகளில் இதை எழுதுவது விதி. ஒவ்வொருவரும் தன் நகர்வையும் எதிராளியின் நகர்வையும் தாளில் எழுதியாக வேண்டும். நகர்த்திய பிறகுதான் எழுதலாம், முன்கூட்டி எழுதிவைத்துப் பார்த்து ஆடக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் இருவரும் தாள்களில் கையொப்பம் இடுவார்கள்.

இந்தத் தாளில் ஒரு வினோதம் பாருங்கள். எந்தக் காய் எங்கே போனது என்பதில் எழுத்துப் பிசகாது. ஆனால் ஆடியவர் என்ன நினைத்தார், எதற்குப் பயந்தார், எந்த நகர்வை யோசித்துக் கைவிட்டார் என்பதில் ஒரு சொல்கூட இருக்காது. அந்த வெற்றிடத்தை நிரப்புவதுதான் நம் வேலை.

மூன்று தடவை ஆடிப் பாருங்கள்

ஆட்டத்தின் பதிவைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை எங்கும் நிற்காமல் கடைசிவரை ஓட்டுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆட்டத்தின் போக்கு மட்டும் கண்ணில் படட்டும். இந்த ஆட்டத்தில் 30ஆவது நகர்வில் ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டுப் போகின்றன. பிறகு ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி. சிப்பாய்கள் கறுப்புக்கு மூன்று, வெள்ளைக்கு இரண்டு, எல்லாமே பலகையின் ஒரே பக்கத்தில். யானையைச் சிலர் கோட்டை என்பார்கள், இரண்டும் ஒரே காய்தான். இப்படிப்பட்ட நிலை பெரும்பாலும் சமநிலையில் முடியும். ஆனாலும் அந்த ஒரு சிப்பாய் மிச்சத்தை வைத்துக்கொண்டு குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டே இருக்கிறார்.

இரண்டாவது தடவைதான் முக்கியம். அடுத்த நகர்வின் மேல் மட்டைத் துண்டை வைத்து மூடுங்கள். “நானாக இருந்தால் எதை நகர்த்துவேன்?” என்று யோசித்து, விடையைக் கொப்பியில் எழுதுங்கள். ஏன் என்று ஒரு வரியும் எழுதுங்கள். பிறகு மட்டையை நகர்த்திப் பாருங்கள். உங்கள் நகர்வும் ஆடியவரின் நகர்வும் ஒன்றென்றால் சரி அடையாளம் போட்டுவிட்டு மேலே போங்கள். வேறென்றால் அங்கே நில்லுங்கள். நீங்கள் பார்க்காத எதை அவர் பார்த்தார்?

மூன்றாவது தடவை, கிளை பிரியும் இடங்களுக்குத் திரும்பிப் போங்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பக்கமிருந்து ஹந்தானை மலையில் ஏறியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மானாப்புல்லுக்குள் ஒற்றையடிப் பாதை திடீரென்று இரண்டாகப் பிரியும். மூடுபனிக்குள் நிற்கும்போது எது சரியான வழி என்று தெரியாது. மேலே போய், பனி விலகிய பிறகு திரும்பிப் பார்த்தால் எந்தக் கிளை எங்கே முடிகிறது என்று துலங்கும். ஆடிக்கொண்டிருப்பவர் பனிக்குள் நிற்கிறார். ஆட்டத்தை மறுபடி பார்க்கும் நாம் மேலே நிற்கிறோம்.

55ஆவது நகர்வில் நில்லுங்கள்

இப்போது காய்களை அடுக்குவோம். வெள்ளை: ராஜா ஜி1, யானை எஃப்4, மந்திரி ஏ8, சிப்பாய் ஜி3. கறுப்பு: ராஜா ஈ5, யானை பி2, மந்திரி ஈ6, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. பலகையில் ஒன்பதே காய்கள்.

ஆட வேண்டியவர் டிங். குகேஷின் ராஜா வெள்ளை யானையை முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் ஜி3 சிப்பாயின் காவல் இருப்பதால் யானையை வெட்ட முடியாது. மட்டையை வையுங்கள். நீங்கள் டிங் என்றால் என்ன செய்வீர்கள்?

எழுதியாயிற்றா? சரி, மட்டையை எடுங்கள்.

டிங் யானையை எஃப்2க்கு இழுத்தார். “உன் யானையும் என் யானையும் வெட்டுப்படட்டும்” என்பது அதன் பொருள். காய்கள் குறைந்தால் சமநிலை எளிதாகும் என்று யாருக்குமே தோன்றும். அந்த நகர்வைப் பார்த்தவுடன் அது பிழை என்று தனக்கும் உறைக்கவில்லை என்று குகேஷே பின்னர் சொன்னார். சில விநாடிகள் போன பிறகுதான் அவர் கண்ணில் அது பட்டது.

எது? ஏ8இல் நிற்கும் வெள்ளை மந்திரியைப் பாருங்கள். மந்திரி குறுக்காகத்தான் போகும். பலகையின் நடுவே டி5இல் நின்றால் அதற்கு நான்கு திசையிலும் வழி உண்டு, 13 கட்டங்களை எட்டும். மூலையில் நின்றால் ஒரே ஒரு கோடு, 7 கட்டங்கள். டிங்கின் மந்திரி நிற்பது மூலையில்.

குகேஷ் யானையை வெட்டினார். டிங்கின் ராஜா அந்த யானையை வெட்டியது. அடுத்து குகேஷ் தன் மந்திரியை டி5இல் கொண்டுவந்து வைத்தார். இப்போது ஏ8 மந்திரி எங்கே ஓடும்? பி7க்கும் சி6க்கும் போகலாம், ஆனால் இரண்டு கட்டங்களும் குகேஷின் மந்திரி நிற்கும் அதே கோட்டில் இருக்கின்றன. எதிரே வந்த மந்திரியை வெட்டலாம், ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஈ5இல் கறுப்பு ராஜா காவல் நிற்கிறது. எதைச் செய்தாலும் மந்திரியும் மந்திரியும் போய்விடும். டிங் வெட்டினார், குகேஷின் ராஜா திருப்பி வெட்டியது.

யானையை எஃப்2க்குப் பதிலாக ஏ4க்குக் கொண்டுபோயிருந்தால்? வைத்துப் பாருங்கள். ஏ நிரல் முழுக்கத் திறந்திருக்கிறது, யானை கீழிருந்தே மந்திரிக்குக் காவல் கொடுக்கும். யானைகளும் பலகையில் இருந்திருக்கும்.

ராஜாவும் ராஜாவும்

இப்போது மிஞ்சியது இரண்டு ராஜாக்கள். வெள்ளைக்கு ஒரு சிப்பாய், கறுப்புக்கு இரண்டு. டிங் ராஜாவை ஈ3க்கு முன்னேற்றினார். அது அவருடைய 58ஆவது நகர்வு. குகேஷ் தன் ராஜாவை ஈ5இல் வைத்தார். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஏன்? வெள்ளையின் சிப்பாய் இன்னும் வெட்டுப்படவில்லையே!

இரண்டு ராஜாக்களும் ஈ நிரலில் நேருக்கு நேர் நிற்கின்றன, நடுவே ஒரே ஒரு கட்டம். ராஜாவும் ராஜாவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நிற்க முடியாது என்பது விதி. ஆகவே இருவராலும் நேரே முன்னேற முடியாது. அடுத்து ஆட வேண்டியவர் வெள்ளை. அவருடைய ஒரே சிப்பாயை ஜி4 சிப்பாய் மறித்துக்கொண்டிருக்கிறது. வேறு வழியில்லை, ராஜாதான் வழிவிட வேண்டும். யார் முறை என்பதே இங்கே ஆட்டத்தைத் தீர்க்கிறது. செஸ் வீரர்கள் இதை ‘ஆப்போசிஷன்’ என்பார்கள்.

எடுத்துக்காட்டாக, வெள்ளை ராஜா ஈ2க்குப் பின்வாங்கினால் கறுப்பு ராஜா ஈ4க்கு வரும். மறுபடி நேருக்கு நேர், மறுபடி வெள்ளையின் முறை. வெள்ளை டி2க்கு ஒதுங்கினால் கறுப்பு எஃப்3இல் நுழைந்து ஜி3 சிப்பாயைப் பிடித்துவிடும். எஃப்2க்கு ஒதுங்கினால் கறுப்பு டி3 வழியாகச் சுற்றி வந்து அதே சிப்பாயைப் பிடிக்கும். அந்தச் சிப்பாய் போனால் கறுப்பின் இரண்டு சிப்பாய்களை மறிக்க ஆளில்லை. அதில் ஒன்று ராணியாகிவிடும்.

டிங் இவ்வளவையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டார். அதனால்தான் எழுந்தார். நாம் அதைக் கையால் நகர்த்திப் பார்க்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். வென்ற பிறகு குகேஷ் செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். கண்ணீரோடு உட்கார்ந்து, எல்லாக் காய்களையும் தொடக்கத்தில் இருந்தபடி அடுக்கிவைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

செஸ் வீரர்களுக்குப் பிறவியிலேயே பெரிய ஞாபகசக்தி என்று பலர் நினைக்கிறார்கள். நெதர்லாந்தின் அட்ரியான் டி குரூட் என்ற உளவியலாளர் 1940களில் இதை ஆராய்ந்தார். அவரே நல்ல செஸ் வீரர். ஆட்டத்தின் நடுவே உள்ள நிலை ஒன்றைச் சில விநாடிகள் மட்டும் காட்டிவிட்டு, பார்த்ததை அப்படியே அடுக்கச் சொன்னார். வல்லவர்கள் ஏறத்தாழ எல்லாவற்றையும் சரியாக வைத்தார்கள். மற்றவர்களால் முடியவில்லை.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். சைமன் பிறகு 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர்கள் ஐந்து விநாடி காட்டினார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையில் வல்லவர் 16 காய்களைச் சரியாக வைத்தார், நடுத்தர ஆட்டக்காரர் 8, புதியவர் 4.

அடுத்து அதே காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துக் காட்டினார்கள். வல்லவரின் திறமை மறைந்துவிட்டது! அவரும் புதியவர் போலத்தான் தடுமாறினார். பிற்கால ஆய்வுகளில், இறைத்து வைத்த நிலையிலும் வல்லவர்களுக்குச் சிறிய முன்னிலை இருப்பது தெரிந்தது. ஆனால் உண்மையான ஆட்டத்தில் தெரிந்த அந்தப் பெரிய இடைவெளி அதில் இல்லை.

அதாவது வல்லவரிடம் இருப்பது எதையும் பிடித்துக்கொள்ளும் ஞாபகம் இல்லை. அவர் 16 காய்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, சில கூட்டங்களாகப் பார்க்கிறார். ‘ராஜா, அதன் முன் மூன்று சிப்பாய், பக்கத்தில் யானை’ என்பது அவருக்கு ஒரே உருப்படி. ‘ஹந்தானை’ என்ற சொல்லை நீங்கள் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிப்பதில்லையே, பார்த்தவுடன் சொல்லாகவே தெரிகிறது. அதே போலத்தான். இத்தகைய கூட்டங்களை ஆயிரக்கணக்கில் சேர்ப்பது எப்படி? பழைய ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்துத்தான்.

நீல் சார்னஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்குப் போட்டே காட்டியது. செஸ்ஸின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர் நிலைக்கு வந்தவர்கள், தீவிரமாக ஆடத் தொடங்கிய முதல் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 5000 மணி நேரம் தனியாக உட்கார்ந்து படித்திருந்தார்கள். நடுத்தர வீரர்கள் படித்ததைப் போல இது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. போட்டிகளில் ஆடிய நேரத்தைவிட, இப்படித் தனியே படித்த நேரமே திறமையோடு அதிகம் பொருந்திப்போனது.

கணினியைக் கடைசியில் கேளுங்கள்

“போனில் ஒரு செஸ் ஆப் இருக்கிறதே, எது நல்ல நகர்வு என்று அதுவே சொல்லிவிடுமே?” சொல்லும். எந்த மனிதரையும்விடச் சரியாகவே சொல்லும். ஆனால் நீங்கள் யோசிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் உங்கள் மூளைக்கு வேலை இல்லை. விடையைப் பார்த்துத் தலையாட்டுவது சுகம்தான், நாளைக்கு அது நினைவில் நிற்காது. முதலில் ஊகித்து, அது பிழைத்துப்போய், ‘அட, இதைக் கவனிக்கவில்லையே’ என்று திடுக்கிட்டால்தான் மூளை அந்த இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

குகேஷ் வளர்ந்த விதமும் இதற்குச் சாட்சி. அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, சிறு வயதில் அவரைக் கணினி எஞ்சின்களிடம் விடவில்லை. தரப்புள்ளி 2500ஐ எட்டும்வரை தன் தலையாலேயே யோசிக்க வைத்தார். பெரும்பாலான பிள்ளைகள் கணினியோடு பயின்ற காலத்தில் இது துணிச்சலான முடிவு. 2019 ஜனவரியில், 12 வயதில், குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் நீங்கள், அடுத்து ஆட்டத்தின் பதிவு, கடைசியில் கணினி. கணினி வேறொன்று சொன்னால் அதோடும் வாதாடுங்கள். “நான் சொன்னது ஏன் சரிவராது?” என்று உங்கள் நகர்வைப் போட்டு, அது என்ன பதில் தருகிறது என்று பாருங்கள்.

செய்து பாருங்கள்

வீட்டில் அக்காவோ தம்பியோ இருந்தால் சேஸ், சைமன் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். உண்மையான ஆட்டம் ஒன்றின் 20ஆவது நகர்வில் உள்ள நிலையை அடுக்கி, துணியால் மூடுங்கள். ஐந்து எண்ணும்வரை திறந்து காட்டிவிட்டு மறுபடி மூடுங்கள். பார்த்தவர் இன்னொரு பலகையில் அடுக்கட்டும், பலகை இல்லாவிட்டால் கட்டம் போட்ட தாளில் எழுதட்டும். எத்தனை சரி என்று குறித்துவையுங்கள். பிறகு அதே காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துச் செய்யுங்கள். செஸ் ஆடத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வரும் எண்களை ஒரு அட்டவணையில் போட்டு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது வேலை உங்கள் சொந்த ஆட்டத்தில். பாடசாலையில் அடுத்த முறை ஆடும்போது எல்லா நகர்வுகளையும் எழுதுங்கள். தோற்ற ஆட்டம் என்றால் இன்னும் நல்லது, படிக்க அதில்தான் அதிகம் இருக்கும். எதிரே ஆடியவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, “இந்த இடத்தில் நீ என்ன நினைத்தாய்?” என்று கேளுங்கள். தாளில் இல்லாத பாதி அவரிடம் இருக்கிறது.

கடைசியாக ஒரு கணக்கு. டிங் விட்டுக்கொடுத்த நிலையை மறுபடி வையுங்கள். வெள்ளை: ராஜா ஈ3, சிப்பாய் ஜி3. கறுப்பு: ராஜா ஈ5, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. டிங் தொடர்ந்து ஆடி, ராஜாவை டி2க்குக் கொண்டுபோனார் என்று வைத்துக்கொள்வோம். குகேஷின் ராஜாவுக்கு இரண்டு நல்ல கட்டங்கள் கண்ணில் படுகின்றன: ஈ4, டி4. எதற்குப் போனால் வெள்ளை ராஜா மறுபடி வழிவிட வேண்டி வரும்? மட்டையால் கீழே உள்ள வரியை மூடிக்கொண்டு யோசியுங்கள்.

விடை: டி4. அங்கே போனால் ராஜாக்கள் இரண்டும் டி நிரலில் நேருக்கு நேர், நடுவே ஒரு கட்டம், ஆட வேண்டியவர் வெள்ளை. ஈ4க்கு அவசரப்பட்டால் வெள்ளை ராஜா ஈ2க்கு வந்து, அந்தச் சங்கடத்தைக் கறுப்பின் தலையில் கட்டிவிடும்.